பட்டாயாவில் என் அம்மாவைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

பட்டாயா ஊர் மக்களுக்கு அன்பு வணக்கம்.

2024 பிப்ரவரியில் ஒரு நாள் இரவு, உங்கள் ஊரில் என் அம்மா தொலைந்துபோனார். ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனால் அந்த ஒன்றேகால் மணி நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. அம்மாவுக்கு வயது 69. தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. கையில் போன் இல்லை, ஒரு பாட் காசு இல்லை, தங்கியிருந்த விடுதியின் பெயரும் மனதில் இல்லை.

அம்மாவை எங்களிடம் பத்திரமாகச் சேர்த்தவர்கள் நீங்கள். இந்த மடலைத் தாய்லாந்து மொழியில் எழுதி வாங்கி, விடுதி வரவேற்பில் இருந்த தங்கையின் மூலம் உங்களில் சிலருக்கு அனுப்பியிருக்கிறோம். தமிழில் எழுதுவது அம்மா படிப்பதற்காக. உங்களைப் பற்றி இங்கே இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன், அதற்காகவும்தான்.

நடந்தது இதுதான். அன்று காலை பாலி ஹாய் படகுத்துறையிலிருந்து கோ லான் தீவுக்குப் போயிருந்தோம். ஆளுக்கு 30 பாட், முக்கால் மணி நேரப் படகு. தண்ணீர் தெறிக்கும் என்று அம்மாவின் போனை என் பைக்குள் போட்டு வைத்தேன். மாலை கடைசிப் படகில் திரும்பி, வாக்கிங் ஸ்ட்ரீட் கூட்டத்தைத் தாண்டி இரண்டாம் சாலைக்கு வந்தபோது மணி ஏழே கால். பட்டாயா போகாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். அங்கே ஊருக்குள் ஓடுவது சோங்தேவ் என்கிற திறந்த பின்பக்க வண்டி. இரண்டு வரிசை என்பது அந்தப் பெயரின் பொருள். எதிரெதிராக இரண்டு நீளப் பலகை, நடுவில் கால் வைக்க இடம், அவ்வளவுதான். கடற்கரைச் சாலையில் தெற்கே போய், இரண்டாம் சாலையில் வடக்கே திரும்பி வரும். இறங்க வேண்டுமென்றால் தலைக்கு மேலே இருக்கும் மணியை அழுத்த வேண்டும். இறங்கிய பிறகு முன்னால் போய் ஓட்டுநரிடம் காசு தர வேண்டும். அப்போது 10 பாட்.

முதலில் அம்மாவைத் தூக்கி ஏற்றிவிட்டேன். மகளைத் தூக்கத் திரும்பினேன். வண்டி கிளம்பிவிட்டது. ஓட்டுநர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர் முன்னறையில் இருக்கிறார், பின்னால் யார் ஏறுகிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் கத்தினேன். அந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் மாம்பழ மஞ்சள் சேலை சிவப்பு விளக்குகளுக்குள் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு ஓடினேன். அப்புறம் அதுவும் தெரியவில்லை.

முதல் நன்றி, வாக்கிங் ஸ்ட்ரீட் முகப்பில் நின்றிருந்த சுற்றுலாப் போலீஸ் தன்னார்வலருக்கு. ஐரோப்பியர், நரைத்த தாடி, என் அப்பா இருந்தால் அந்த வயதுதான் இருக்கும். என்னைப் பேசவிடாமல் முதலில் மூச்சுவிடச் சொன்னார். பிறகு மூன்றே கேள்வி: என்ன உடை, எந்தப் பக்கம் போனது, படம் இருக்கிறதா? காலையில் படகில் எடுத்த படத்தை வாங்கி அவர்களுடைய லைன் குழுவில் போட்டார்; லைன் என்பது நம் வாட்ஸ்அப் போல அங்கே இருக்கும் செயலி. சேலை கட்டியவர் என்பதால் கண்டுபிடிப்பது எளிது என்றார். "இரண்டு பேரும் ஓட வேண்டாம், ஒருவர் இதே இடத்தில் நில்லுங்கள்" என்று அவர் சொன்னதால்தான் என் மனைவியும் மகளும் அங்கேயே நின்றார்கள். 1155 என்ற எண்ணை என் போனில் பதிந்து தந்ததும் அவர்தான். சுற்றுலாப் போலீஸின் எண் அது. தாய்லாந்து போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே அதைப் பதிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது, ஆரஞ்சு அங்கி போட்ட மோட்டார் சைக்கிள் டாக்சி அண்ணனுக்கு. என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டாவது ஹெல்மெட்டை நீட்டினார். எங்கே போக வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. இரண்டாம் சாலை முழுவதும் ஒவ்வொரு சோங்தேவின் பின்னாலும் வேகத்தைக் குறைத்து, நான் உள்ளே எட்டிப் பார்க்கும்வரை கூடவே ஓட்டினார். முன்னால் போய் அந்த ஓட்டுநரிடம் "குன் யாய்? குன் யாய்?" என்று கேட்பார். பாட்டி என்று பொருள். இருபது வண்டியாவது பார்த்திருப்போம். கடைசியில் நான் ஐந்நூறு பாட் நோட்டை நீட்டியபோது, தன் கூலியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைப் பத்து ரூபாய் காசுவரை என் உள்ளங்கையில் எண்ணி வைத்தார். ரூபாய் என்று எழுதிவிட்டேன், பாட். அப்படியே இருக்கட்டும். அந்த நிமிஷம் எனக்கு எந்த நாட்டில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

எட்டு மணி தாண்டி என் போன் அடித்தது. திருச்சியிலிருந்து மாமா. "டேய், அக்கா எங்கடா? யாரோ ஒருத்தர் போன்ல அக்கா பேசுது!"

அந்த அழைப்பு எப்படி வந்தது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். வண்டியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போக, அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். சாலை முடியும் இடத்தில், டால்ஃபின் வட்டம் என்கிற ரவுண்டானாவுக்குச் சற்று முன்னால், ஓட்டுநர் கவனித்து வண்டியை ஓரம் கட்டினார். பேசிப் பார்த்தார், புரியவில்லை. கையைப் பிடித்து இறக்கி, பக்கத்தில் இருந்த மசாஜ் கடைப் பெண்களிடம் விட்டார். அவர்களில் ஒருவர் அம்மாவைப் பார்த்து "மே" என்றாராம். தாய்லாந்து மொழியில் அம்மா என்பதற்கு அதுதான் சொல். எங்கள் அம்மாவுக்கு அது எப்படியோ புரிந்துவிட்டது. "ஆமாம், அம்மாதான்" என்று தமிழிலேயே பதில் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெண் தாளும் பேனாவும் கொடுத்தார். அம்மாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் உலகத்தில் ஒன்றே ஒன்று: உறையூரில் மாமா வீட்டு லேண்ட்லைன். 0431 என்று தொடங்கி முழுசாக எழுதிக் கொடுத்தார். போட்டுப் பார்த்தால் போகவில்லை. அந்தப் பெண் தாளை எடுத்துக்கொண்டு இரண்டு கடை தள்ளி இருந்த இந்தியச் சாப்பாட்டுக் கடைக்கு ஓடினார். அங்கே நேபாளத்துச் சமையல்காரர் ஒருவர் எண்ணைப் பார்த்தவுடன், முன்னால் இருக்கிற பூஜ்யத்தை எடுத்துவிட்டு 91 சேர்க்க வேண்டும் என்று சொல்லி, தன் போனிலிருந்தே அழைத்தார். நம் நேரம் அப்போது மாலை ஆறே முக்கால். மாமா வாசலில் விளக்கு வைக்கும் நேரம், வீட்டில் இருந்தார். அந்த அண்ணன் அடுப்பை விட்டுவிட்டு வந்து பேசினார். அழைப்புக்கான காசை நான் எவ்வளவு வற்புறுத்தியும் வாங்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது கண்ட காட்சியை எழுதாமல் இந்த மடல் முடியாது. அம்மா கடை வாசலில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கையில் இளநீர், இன்னொரு கையில் சமையல்காரரின் போன், மாமாவோடு பேச்சு. கால்கள் வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில். நடுக்கத்தில் அவர் கால் ஆடியதைப் பார்த்து, ஒரு பெண் தரையில் உட்கார்ந்து கால்களைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அம்மா அழவில்லை. "எங்கடா போயிட்ட? இந்தப் பொண்ணுங்க என்னால இன்னும் சாப்பிடவே இல்ல" என்றார். அழுதது நான்தான்.

அந்தப் பெண்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் பட்டாயா போகிறோம் என்றதும் சொந்தத்தில் இரண்டு பேர் "அந்த ஊருக்கா அம்மாவைக் கூட்டிட்டுப் போற?" என்று கேட்டார்கள். கேட்ட விதத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. பட்டாயா ஒரு காலத்தில் மீன்பிடிக் கிராமம். வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வுக்கு வரத் தொடங்கியதிலிருந்து அதன் முகம் மாறியது, இரவு வாழ்க்கையின் பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்கும் அதற்கு மேல் தெரியாது. என் அம்மாவின் கால்களைக் கழுவியவர் வடகிழக்கே ஈசான் பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர். நெல் விளையும் ஊர், வீட்டில் அம்மாவிடம் விட்டுவந்த ஒரு மகன், மாதாமாதம் பணம் அனுப்புகிறார். மறுநாள் விடுதித் தங்கை மொழிபெயர்க்க, இவ்வளவும் தெரிந்துகொண்டோம். இனி யாராவது என்னிடம் அந்தச் சிரிப்போடு பட்டாயா என்றால், இவரைப் பற்றித்தான் முதலில் சொல்வேன்.

மறுநாள் அம்மா, ஊரிலிருந்து கொண்டுவந்த தேன்குழல் டப்பாவை முழுசாக எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தார். அவர் உள்ளே போய் வெள்ளை நூல் ஒன்றைக் கொண்டுவந்து, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே அம்மாவின் மணிக்கட்டில் கட்டினார். ஈசான் வழக்கமாம். உயிர் உடம்பை விட்டு அலையாமல் இருக்கக் கட்டுவது. காப்புக் கட்டுவது போல என்று அம்மா உடனே புரிந்துகொண்டு, கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். இருவரும் எதிரெதிராகக் கைகூப்பி நின்றார்கள். அவர்கள் கும்பிடுவதும் நாம் கும்பிடுவதும் ஒன்றுபோலவே இருந்தது.

விடுதிச் சமையலறை அக்காவுக்கும் நன்றி. மீன் சாறு சேர்க்காமல் அம்மாவுக்குத் தினமும் தனியாகக் கஞ்சி வைத்தார். மஞ்சள் கொடியில் சிவப்பெழுத்தில் 'ஜே' என்று போட்ட கடைகளில் கண்ணை மூடிக்கொண்டு சைவம் சாப்பிடலாம் என்று சொல்லித் தந்தார். நாக்லுவாவில் இருக்கும் சத்திய ஆலயத்தில் அம்மாவுக்கு உட்கார ஸ்டூல் கொண்டுவந்த காவலருக்கும் நன்றி. 1981இல் தொடங்கி இன்னும் செதுக்கிக்கொண்டிருக்கும் மரக்கோயில் அது. உள்ளே பிரம்மாவையும் விஷ்ணுவையும் அடையாளம் கண்டு அம்மா பேத்திக்குக் கதை சொல்ல, ஒரு மணி நேரம் அந்த ஸ்டூலை யாரும் திரும்பக் கேட்கவில்லை.

நேரில் நன்றி சொல்ல முடியாமல் போனவர் ஒருவர்தான், அந்த சோங்தேவ் ஓட்டுநர். நான் வருவதற்குள் போய்விட்டார். அடுத்த இரண்டு நாளும் சாலையோரம் நின்று பார்த்தோம். கருநீல வண்டிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. அம்மாவுக்கு நினைவிருப்பது கண்ணாடியில் தொங்கிய மல்லிகைச் சரமும், அவர் நெற்றியில் இருந்த ஒரு தழும்பும்தான். இறக்கிவிட்டபோது அம்மா காசில்லை என்று வெறும் கையை விரித்துக் காட்ட, அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

ஐயா, அந்தப் பத்து பாட் காசை அம்மா சுருக்குப்பையில் தனியாக முடிந்து வைத்திருக்கிறார். அடுத்த முறை உங்களைத் தேடிக்கொண்டு வருவோம்.