அலையின் உயரத்தோடு நொடியையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கள்ளக்கடல் (தொலைதூரப் புயலில் கிளம்பிய அலைகளால் கரையில் கடல் திடீரெனப் பொங்குவது) எச்சரிக்கை வரும் நாள்களில் செய்தித்தாள்களில் பெரும்பாலும் ஒரே ஓர் எண்தான் இடம்பெறுகிறது: அலை எத்தனை மீட்டர் எழும் என்பது. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையத்தின் அறிவிப்பில் இன்னொரு எண்ணும் இருக்கும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எத்தனை நொடி என்பது அது. அச்சுக்கு வரும்போது அது காணாமல் போய்விடுகிறது. எங்கள் குமரி மாவட்டத்து முட்டம், கடியபட்டணம் போன்ற பாறைக்கரைகளில் அலைச்சறுக்குப் பலகையோடு இறங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த நொடிக்கணக்கைத்தான்.

ஆழ்கடலில் ஒன்றரை மீட்டர் உயரமுள்ள அலை 8 நொடிக்கு ஒன்றாக வந்தால், கரையில் ஏறத்தாழ இரண்டு மீட்டரில் உடையும். அதே ஒன்றரை மீட்டர் 16 நொடிக்கு ஒன்றாக வந்தால் இரண்டரை மீட்டரைத் தொடும். காரணம் நீளம், அதாவது ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடுவரை உள்ள தூரம். 8 நொடி அலை ஆழ்கடலில் 100 மீட்டர் நீளம். 16 நொடி அலை 400 மீட்டர். தன் நீளத்தில் பாதி ஆழம் வந்ததும் அலைக்குத் தரை தட்டுப்படத் தொடங்கும். ஆகவே நீண்ட அலை 200 மீட்டர் ஆழத்திலிருந்தே வளைய ஆரம்பித்து, பாரின் (கடலடிப் பாறைத் திட்டின்) மேட்டை நோக்கித் திரும்பி அங்கே குவிகிறது. பக்கத்து மணற்கரையில் நெஞ்சளவு அலை அடிக்கும்போதே பாரின் மேல் ஆளுயரத்துக்கு மேல் எழுவது இப்படித்தான். போதாததற்கு, அறிவிப்பில் வரும் உயரம் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி மட்டுமே. தனி அலை ஒன்று அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு வரலாம்.

இந்த அலைகள் நம்மூர்க் காற்றில் பிறந்தவை அல்ல. தென் அட்சரேகை 30 டிகிரிக்கும் அப்பால் வீசும் புயல்களில் கிளம்பி, நாலைந்து நாள் பயணம் செய்து வருபவை. அதனால் பங்குனி, சித்திரை வெயிலில், காற்றே இல்லாமல் கடல் பளிங்குபோல் கிடக்கும்போதும் வரும். ஆனி ஆடிக் கடல் பார்த்தாலே பயமுறுத்திவிடும், இது அப்படியல்ல. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான். அவர்கள் பலகையோடு போனவர்கள்கூட அல்லர்.

மணல்தரை மெல்ல மெல்ல உயர்வதால் அலை அங்கே வேகம் குறைந்து சரிந்து உடையும். பார் திடீரென்று உயர்வது. அலையின் அடிப்பகுதி தடைபட, மேல்பகுதி முன்னே பாய்ந்து குடைந்து விழுகிறது. விழுமுன் முன்னால் இருக்கும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு மீட்டர் தண்ணீர் இருக்கிறது என்று நம்பி நிற்கும் இடத்தில் அந்த நேரம் பாறை வெளியே தெரியும். நம் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் பாறை தண்ணீருக்கு மேலா, கீழா என்பதை அந்தச் சிறு வித்தியாசமே தீர்மானித்துவிடும். கடல் வற்றும் நேரத்தில் பார் பக்கமே போக வேண்டாம்.

இறங்குவதற்கு முன் மேடான இடத்தில் அரை மணி நேரமாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு பாறையைக் குறிவைத்து, முதல் அலைமுகடு அதைக் கடக்கும்போது கடிகாரத்தைத் தொடங்கி, பதினோராவது முகட்டில் நிறுத்தி, பத்தால் வகுத்தால் இடைவெளி கிடைத்துவிடும். 12 நொடிக்கு மேல் என்றால் புதியவர்கள் பலகையைத் திரும்ப வண்டியில் கட்டலாம். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இறங்குவதுதான் எல்லோரும் செய்வது. நீண்ட அலைகள் நாலைந்து சேர்ந்து கூட்டமாக வரும். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே பத்துப் பதினைந்து நிமிடம் கடல் சும்மா கிடக்கும். அந்த அமைதியை நம்பி இறங்கினவர்களை அடுத்த கூட்டம் சரியாகப் பாரின் மேல் பிடிக்கும்.

பார்களுக்கு நடுவே நுரை விழாத ஆழ வாய்க்கால் வழியாகவே போக வேண்டும், திரும்பவும் வேண்டும். தூண்டில் வளைவை (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல்சுவரை) ஒட்டி வெளியே இழுக்கும் நீரோட்டத்தைச் சவாரியாக நினைத்துப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. கற்களின் இடுக்கில் காலோ கயிறோ மாட்டினால் பாரைவிட அது மோசம்.

காலில் கட்டும் லீஷ் பலகையைவிடச் சற்று நீளமாகவும், 8 மில்லிமீட்டர் தடிப்பிலும் இருக்கட்டும். சின்ன அலைக்கான 6 மில்லிமீட்டர் கயிறு இங்கே அறுந்துபோகும். விரலால் உருவிப் பார்த்து ஒரு கீறல் தென்பட்டாலும் மாற்றிவிட வேண்டும். பாறையில் கயிறு சிக்கினால் ஒரே இழுப்பில் கழற்ற வருகிறதா என்பதைக் கரையிலேயே பழகிக்கொள்ள வேண்டும். ஹெல்மெட்டும் ரப்பர் காலணியும் கட்டாயம். சிப்பியும் கொட்டலசும் (பாறையில் ஒட்டி வளரும் கூரிய ஓட்டு உயிரி) ஒட்டிய பாறை தோலை வாளாக அறுக்கும். கற்றுக்கொள்ளும் மெத்துப்பலகை மணற்கரைக்கு மட்டுமே. அதை அலைக்கு அடியில் அமுக்க முடியாது. நுரையோடு சேர்த்து ஆளையும் பாரில் கொண்டுபோய்ப் போடும்.

விழுந்தால் தட்டையாக, முதுகோ பக்கவாட்டோ படும்படி விழ வேண்டும். தலைகீழாகப் பாயவும் கூடாது, காலை ஊன்றவும் கூடாது. இரு கைகளாலும் தலையை அணைத்துக்கொண்டு, அலை உருட்டுவது தளரும்வரை பொறுத்து, பிறகு ஒரு கையை மேலே நீட்டியபடி வர வேண்டும். 12 நொடி அடியில் வைத்திருந்துவிட்டு 16 நொடிக்கு அடுத்தது வந்தால், மூச்சுவிட நான்கு நொடி. அவ்வளவுதான். அடிபட்டுக் கழுத்து வலிக்கிறது என்றவரை உட்கார வைக்கவோ தூக்கிக்கொண்டு ஓடவோ கூடாது. 108-ஐ அழையுங்கள். கடலில் சிக்கியவருக்கு 1093 அல்லது 1554.

எந்தப் பார் எங்கே இருக்கிறது என்பது சிப்பி எடுக்க முங்குகிறவர்களுக்கு மனப்பாடம். அவர்களைக் கேட்காமல் புதிய இடத்தில் இறங்குவது மடத்தனம். கரமடி வலை (கரையிலிருந்து இழுக்கும் வலை) கிடக்கும்போதும் வள்ளம் இறக்கும்போதும் வழிவிடுவதும் முறை.

எச்சரிக்கைச் செய்தியில் உயரத்துக்குப் பக்கத்தில் 'அலை இடைவெளி இத்தனை நொடி' என்று ஒரு வரி சேர்க்க உங்கள் நாளிதழுக்குக் கூடுதல் இடம் தேவைப்படாது. 14-க்கு மேல் இருந்தால் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
அலைச்சறுக்கு நண்பர்கள் சிலர்,
முட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.