மல்லிகாவுக்கு

மல்லி, எப்படிடி இருக்க? முட்டி வலிக்கு வெறும் தைலத்தோட நிறுத்திக்காத, டாக்டர்ட்ட காட்டு. மூணு நாளா என் மனசு ஒரு படத்துலயே கிடக்கு, உன்கிட்ட சொல்லாம யார்ட்ட சொல்றது. 1920ல கிரிஃபித்னு ஒரு டைரக்டர் எடுத்த அமெரிக்க ஊமைப்படம், 'வே டவுன் ஈஸ்ட்'.

அன்னான்னு ஒரு ஏழைப் பொண்ணு, அம்மா சொன்னாளேன்னு பாஸ்டன்ல பணக்கார சொந்தக்காரங்ககிட்ட உதவி கேட்டுப் போறா, அவ உடுப்பப் பாத்தே அவங்க மூஞ்சி சுளிக்குது. அங்க சாண்டர்சன்னு ஒரு பணக்காரன் இவள ஏமாத்தி பொய்க் கல்யாணம் பண்றான், எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா ஆபத்து யார்ட்டயும் சொல்லாதன்னு வாய அடைச்சிட்டு, வயித்துல பிள்ளைன்னு சொன்னப்புறம்தான் அது கல்யாணமே இல்லங்குறான். பிள்ளையும் தங்கல. சாகக் கிடக்குற குழந்தைக்கு பாதிரியார் இல்லாம அவளே தண்ணி தொட்டு ஞானஸ்நானம் குடுக்குறா, அந்த இடத்துல அன்னாவா நடிச்ச லில்லியன் கிஷ் முகத்த என்னால பாக்க முடியலடி.

எல்லாரும் பேசுறது கடைசில பனிக்கட்டி மேல அவ ஆத்தோட போற சீன்தான். வெர்மான்ட்ல நிஜ ஆத்துலயே எடுத்தாங்களாம், கையும் முடியும் தண்ணில தொங்கட்டும்னு சொன்னதே அந்தம்மாதானாம், அந்தக் கை அப்புறம் சரியாகவே இல்லயாம். ஆனா எனக்கு அதுக்கு முந்தின சீன்தான். அவ வேலை செய்யுற பண்ணை வீட்டுக்காரர் பழைய கதை தெரிஞ்சதும் கொட்டுற பனியில வெளிய போன்னு கதவக் காட்டுறார், அந்த சாண்டர்சன் அதே வீட்டு மேசையில விருந்தாளியா உக்காந்திருக்கான். அன்னா விரல நீட்டி, என்னப் பத்தி இவ்வளவு விசாரிச்சீங்களே, இவனப் பத்தி விசாரிச்சீங்களான்னு கேக்குறா. சத்தமே இல்லாத படம், எனக்குக் காதுல கேட்டுச்சு.

எனக்கு உடனே அண்ணன் ஞாபகம்தான். பையன் விரும்புற பொண்ணு வீட்டப் பத்தி ஆள் விட்டு விசாரிச்சு, அவங்கம்மா நாலு வீட்டுல சமைக்கிறாங்கன்னு தெரிஞ்சதும் ஒரே பேச்சா முடியாதுன்னுட்டார். தன் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தப்ப மட்டும் வீட்டையும் காரையும் பாத்துட்டு வந்துட்டார், குணம் எப்படின்னு ஒருத்தர்ட்ட கேக்கல, அவ இப்ப படுறது உனக்கே தெரியும். பையன் விரும்புற அந்தப் பொண்ண நான் பாத்தேன்டி, ஒரு தடவதான், தண்ணி குடிச்ச டம்ளர அவளே கழுவி கவுத்து வச்சிட்டுப் போனா.

ஞாயித்துக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போறேன். முட்டி விட்டா நீயும் வா, நான் பேசினா எதுத்துப் பேசுவார், நீ பேசினா உக்காந்து கேப்பார். போன் பண்ணி சொல்லிடாத, நேரா போய் நிப்போம்.

உன்
சாந்தி