சவுக்கும் விமான எண்ணெயும்

கடலூர்

அன்புள்ள சேகருக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே சுகம்தான். அம்மாவுக்குத்தான் முழங்கால் வலி விட்டபாடில்லை.

மரத்திலிருந்து விமான எரிபொருள் எடுக்கிறார்களாமே, நம்ம பக்கத்துச் சவுக்குக்கு அதில் இடம் உண்டா என்று கேட்டிருந்தாய். வழி பழையதுதான், 1920களில் ஜெர்மனியில் ஃபிஷர், டிராப்ஷ் என்ற இரண்டு வேதியியல் விஞ்ஞானிகள் கண்டது. மரத்தூளை உலர்த்தி, போதிய காற்று விடாமல் 800 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு கிடைக்கும். அதைச் சுத்தம் செய்து இரும்பு அல்லது கோபால்ட் வினையூக்கி மேல் செலுத்தினால் மெழுகும் எண்ணெயும் வரும். மெழுகை ஹைட்ரஜன் கொண்டு உடைத்தால் மண்ணெண்ணெய் ரகம். ஜெட் எரிபொருளும் அந்த ரகம்தானே. வழக்கமான எரிபொருளோடு பாதிக்குப் பாதி வரை கலக்க 2009லேயே அனுமதி வந்துவிட்டது.

மரத்தைச் சூடேற்றும்போது வாயுவோடு சேர்ந்து வரும் தார்தான் பெரிய தலைவலி. ஈரச் சவுக்கை அடுப்பில் வைத்தால் மறுமுனையில் நுரை தள்ளும், புகைக்கூண்டில் பிசுபிசுவென்று கறுப்பாக ஒட்டும், பார்த்திருக்கிறாய். ஆலையில் குழாயை அடைப்பதும் அதுதான்.

அப்புறம் கணக்கைப் பார். உலர்ந்த மரத்தின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு ஆக்சிஜன். அது எண்ணெயில் சேராது. எடையில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெயாகத் தேறினாலே பெரிது. சென்னையிலிருந்து டில்லிக்கு ஒரு விமானம் சுமார் 5 டன் எரிக்கிறது. அதற்கு 25 டன் உலர்ந்த மரம் வேண்டும்!

அதனால் இதற்கென்று சவுக்கு நடுவதில் எனக்குச் சம்மதமில்லை. கட்டை காகித ஆலைக்கும் கட்டடச் சாரத்துக்கும் போகிறது, மிலாறு என்கிற சிறு கிளைகள் ஏழைகள் வீட்டு அடுப்புக்குப் போகின்றன. அதில் கை வைக்கக் கூடாது. 2011 டிசம்பர் 30ல் ‘தானே’ புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததே, அந்த மாதிரி மரத்தை எடுக்கட்டும். காய்ப்பு ஓய்ந்த முந்திரி, மரவாடிக் கழிவு, இவையும் சரி. ஆனால் ஆலைக்கு வருஷம் முழுக்கத் தீனி வேண்டும், புயல் மரம் ஒரு தடவைதான் கிடைக்கும். இங்கிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் இந்த மாதிரி மாற்று எரிபொருளை 2027ல் 1 சதவீதம், 2030ல் 5 சதவீதம் கலக்க அரசு இலக்கு வைத்திருக்கிறது. அந்த அவசரத்தில் தோப்புகள் மேல் கண் விழுமோ என்பதுதான் என் பயம்.

உன் மாப்பிள்ளை எண்ணெய்க் கம்பெனியில்தானே இருக்கிறார்? எந்த மரத்தைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்று கேட்டு எழுது. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமலிங்கம்