மருமகளுக்குப் பத்தியம் போடாதே

அன்புள்ள கமலா,

நீ தட்டோன் ஊர் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய இலந்தை ஊறுகாய் வந்து சேர்ந்தது. பதிலே போடவில்லை என்று நீ திட்டியதும் மாணிக்கம் அண்ணன் வழியாக வந்து சேர்ந்தது. இரண்டிலும் உப்பு கொஞ்சம் கூடுதல்.

மருமகளுக்கு மாதம் நெருங்கிவிட்டதாமே. அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். போன வாரம் எங்கள் வார்டுக்கு மூன்று மாதக் குழந்தை ஒன்று வந்தது. பால் குடிக்கவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 68. அந்த வயதில் 50ஐத் தொட்டாலே வேகம்தான். நிமோனியா என்றுதான் நினைத்தோம். ஆனால் காய்ச்சல் இல்லை, ஈரல் வீங்கியிருந்தது. வாயைத் திறந்து அழுகிறது, குரல் கம்மிப்போய்ச் சத்தமே வரவில்லை. டாக்டர் உடனே தாயிடம் திரும்பி, என்னம்மா சாப்பிடுகிறாய் என்று கேட்டார். சோறு, உப்பு, சுட்ட கருவாடு. வேறு எதையும் மாமியார் தொடவிடவில்லையாம்.

பெரிபெரி. தாய்ப்பாலில் தைமின் என்கிற வைட்டமின் பி1 இல்லாமல் குழந்தையின் இதயம் தளர்ந்துவிட்டது. கையோடு பார்த்துச் சொல்ல எங்களிடம் ரத்தப் பரிசோதனை கிடையாது. ஊசிக்குத் தேறினால் அதுதான் நோய். தைமின் ஊசி போட்டு, சாயங்காலத்துக்குள் மூச்சு தணிந்தது. விட்டிருந்தால் பிள்ளை போயிருக்கும், கமலா.

உன் ஆத்தா புழுங்கல் அரிசிதான் வேண்டும் என்று அடம்பிடித்தபோது எப்படிச் சிரித்தோம்! மலாயாவில் பிராடன் என்ற டாக்டர் 1900களிலேயே இதைக் கவனித்திருக்கிறார்: தீட்டிய பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளிகளுக்குப் பெரிபெரி வந்தது, புழுங்கல் தின்ற தமிழர்களுக்கு வரவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நாமோ இங்கே பர்மாவில் வெள்ளை அரிசியை வாங்கி, மூன்று தண்ணீரில் கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டுகிறோம்.

நீ உன் மாமியாரையே மிஞ்சிவிட்டாய் என்று கேள்வி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கையைக் கட்டிக்கொள், தாயே. பயறு, நிலக்கடலை, முட்டை, இறைச்சி எல்லாம் மருமகள் சாப்பிடட்டும். டீயும் வெற்றிலை பாக்கும் குறையட்டும். தைமின் மாத்திரை வேண்டுமா என்று பிரசவம் பார்க்கிற டாக்டரிடம் இப்போதே கேட்டு வை. பேரப்பிள்ளைக்குக் குரல் கம்மினாலோ, மூச்சு இழுத்து நெஞ்சு உள்வாங்கினாலோ, மந்திரித்துக்கொண்டு வீட்டில் உட்காராதே. ராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு ஓடு.

பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில் என்று எழுது. கோவிந்தன் கல்யாணக் கூத்து அடுத்த கடிதத்தில். இன்றைக்கு நைட் டியூட்டி.

உன்,
லட்சுமி