வரன் பார்க்கப் போகும் பெரியவர்களுக்கு

போச்சம்பள்ளி, சந்தூர் பக்கத்துப் பெரியவர்களுக்கு, ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியன் எழுதிக்கொள்வது.

போன தை மாதம் எங்கள் தெருப் பெண்ணுக்கு வந்த சம்பந்தம் பூ வைப்பதற்கு முன்பே நின்றுபோனது. ஜாதகம் பொருந்தியிருந்தது, சீர் பேசியாகிவிட்டது. பெண்ணின் அப்பாவுக்கு வாய்ப்புற்று என்று தெரிந்ததும், "மரம் பழுது என்றால் விதையும் பழுதுதானே" என்று எழுந்துவிட்டீர்கள்.

மாந்தோப்புக்காரர்கள் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. மரத்தைப் பொறுத்தவரை அது பாதி உண்மையும் கூட. செந்தூராவோ பெங்களூராவோ, ஒரு கிளை நுனியில் மரபணு மாறினால் அதிலிருந்து கட்டிய ஒட்டுக்கன்றிலும் மாற்றம் வரும். அந்தக் கிளையிலேயே பூ வைப்பதால் கொட்டைக்குள்ளும் போகலாம். மனிதனின் கதை வேறு. விதைக் கேழ்வரகை முதலிலேயே தனியாக எடுத்து வைப்பதைப் போல, சில வாரக் கருவாக இருக்கும்போதே விந்தாகவோ முட்டையாகவோ ஆகவேண்டிய செல்கள் ஒதுங்கிவிடுகின்றன. ஆகஸ்ட் வைஸ்மான் என்ற ஜெர்மானியர் இந்தப் பிரிவினையை 1892-இல் நூலாகவே எழுதிவைத்தார். அதற்குப் பின் கன்னத்துச் செல்லில் ஏற்படும் மாற்றம் அந்த உடம்போடு முடிந்துபோகும். நாற்பது வருடம் புகையிலை அடக்கிய கன்னத்துக்குப் பிள்ளை பெறும் வேலை கிடையாது. போதாக்குறைக்கு, அவருக்குப் புண் வந்தபோது மகளுக்கு 22 வயது!

பரம்பரையாக வரும் புற்றுநோயும் உண்டு. மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம். மார்பகப் புற்றோடு தொடர்புள்ள பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் உள்ள பழுது பெற்றோரின் விந்திலோ முட்டையிலோ வந்திருந்தால் உடம்பின் எல்லாச் செல்லிலும் இருக்கும். அடுத்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் போகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பாட்டி, அம்மா, சித்தி என்று இளவயதிலேயே மார்பகப் புற்று வந்த குடும்பமானால் விசாரியுங்கள். அதையும் மருத்துவரிடம் விசாரியுங்கள், தரகரிடம் அல்ல.

உங்களில் பலர் அக்காள் மகளைக் கட்டியவர்கள். தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் மரபணுவில் ஏறக்குறைய கால்பங்கு பொது. இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே பழுது பிள்ளையிடம் சேர்ந்து நோயாக வெளிப்படும் வாய்ப்பு அதில் கூடுகிறது. அதைப் பற்றி எந்தத் திண்ணையிலும் பேச்சு எழுந்ததில்லை. நின்றுபோன சம்பந்தத்தில் மாப்பிள்ளைக்கு 38 வயது என்பதையும் யாரும் பொருட்படுத்தவில்லை. பிள்ளைக்குப் போகும் புதிய மாற்றங்கள் தகப்பனின் வயதோடு ஏறுகின்றன, வருடத்துக்கு ஒன்றிரண்டு வீதம். (பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை, பயப்பட வேண்டாம்.)

அந்தப் பெண் வழக்கம்போல வேலைக்குப் போய்வருகிறாள். அவளுடைய அப்பாதான் கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளறையிலேயே இருக்கிறார், மகளின் வாழ்வு தன்னால் கெட்டது என்று. நான் சொன்னால் வாத்தியார் பேச்சு என்று தள்ளிவிடுகிறார். எழுந்து போனவர்கள் நீங்கள். ஒருமுறை திரும்பி வந்து நீங்களே அவரிடம் சொல்லுங்கள்.