‘ஆமாம்’ சொல்வதற்கு முன் ஒரு நகல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் பழைய சர்வர்களைப் பராமரிப்பது பற்றிச் சென்ற வாரம் உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இதைப் பற்றியெல்லாம் தமிழில் எழுதுபவர்களே குறைவு, அதனால் சந்தோஷமாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். ஆனால் ஓரத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்த குறிப்பில், டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் அமைப்பான ஃபைல் சிஸ்டத்தில் பிழை என்று வந்தால், அதைச் சோதித்துப் பழுதுபார்க்கும் எஃப்எஸ்சிகே (fsck) கட்டளையை, எல்லாக் கேள்விக்கும் ‘ஆமாம்’ என்று தானே பதில் சொல்லும் மைனஸ் ஒய் (-y) சேர்த்து ஓட்டினால் போதும், எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று இருந்ததைப் பார்த்ததும் பகீர் என்றது. அந்த ஒரு வரியைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ள எத்தனையோ பேர் இருப்பார்கள், அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

அந்த வரி என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் பத்து வருடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஒரு யூனிக்ஸ் சர்வர் இருந்தது. ஒருநாள் இரவு மின்சாரம் போய், காலையில் வந்து பார்த்தால் மெஷின் முழுதாக எழுந்திருக்காமல் பழுது பார்க்க மட்டும் உதவும் சிங்கிள் யூசர் மோடில் நின்றுகொண்டு, எஃப்எஸ்சிகேயைக் கையால் ஓட்டுங்கள் என்று கேட்டது. எங்களில் ஒருவர் மைனஸ் ஒய் போட்டு ஓட்டினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன், தடுக்கவில்லை, ஏனென்றால் எனக்கும் அன்று அதற்குமேல் தெரியாது. திரையில் ‘கிளியர்? எஸ்’, ‘ரிமூவ்? எஸ்’, ‘ரீகனெக்ட்? எஸ்’ என்று வரிகள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடின. கடைசியில் மெஷின் எழுந்தது, எல்லோரும் மூச்சு விட்டோம். அப்புறம் டைரக்டரியைத் திறந்தால் வருடக்கணக்கான பதிவுகள் இருந்த இடம் காலி. இடம் தெரியாத ஃபைல்களை எஃப்எஸ்சிகே போட்டுவைக்கும் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் டைரக்டரிக்குள் பெயரே இல்லாமல் வெறும் எண்களாக ஆயிரக்கணக்கான ஃபைல்கள். அதைவிடக் கொடுமை, இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே பிழை. மெஷின் தனக்கு நடப்பதை எழுதிவைக்கும் லாக்கைப் பின்னோக்கிப் படித்தபோதுதான் அந்த டிஸ்க் பல வாரமாகவே படிக்க முடியவில்லை, படிக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்தது. செத்துக்கொண்டிருந்த டிஸ்க்கின் மேல்தான் நாங்கள் அன்று எழுதோ எழுது என்று எழுதவிட்டிருக்கிறோம்.

எஃப்எஸ்சிகே கெட்ட கருவி இல்லை. யூனிக்ஸ் பிறந்த பெல் லேப்ஸில் டெட் கோவால்ஸ்கி அதை எழுதுவதற்கு முன் ஐசெக், டிசெக் என்று தனித்தனிக் கருவிகளை வைத்துக்கொண்டு கிட்டத்தட்டக் கையாலேயேதான் பழுது பார்த்தார்கள். 1983இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் வடிவமான 4.2 பிஎஸ்டியுடன் மார்ஷல் கிர்க் மெக்குசிக்கின் ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம் வந்தபோது எஃப்எஸ்சிகேயும் அதற்கேற்ப மாற்றப்பட்டது. அன்றிலிருந்து அது எத்தனை மெஷின்களை எழுப்பிவிட்டிருக்கும் என்று சொல்லவே முடியாது. ஆனால் அதற்குக் கொடுத்திருக்கும் வேலை ஃபைல் சிஸ்டத்தின் கணக்கை நேர் செய்வது மட்டும்தான். டிஸ்க்கின் சிறு துண்டுகளான பிளாக்குகளில் எது எந்த ஃபைலுக்குச் சொந்தம், எந்தப் பெயர் எந்த ஐநோடைக் (ஃபைலின் உரிமையாளர், அளவு, இருக்குமிடம் எழுதிய குறிப்பு) காட்டுகிறது, காலி இடம் எவ்வளவு, இவையெல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத ஒரு ஃபைலை நீக்கிவிட்டாலும் கணக்கு நேராகிவிடும், அதன் பார்வையில் வேலை முடிந்தது. அந்த ஃபைலுக்குள் உங்கள் ஐந்து வருடக் கணக்குவழக்கு இருந்ததா, ஒன்றுக்கும் உதவாத தற்காலிகக் குப்பை இருந்ததா என்பது அதற்குத் தெரியாது. தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான், அதனால்தான் அது ஒவ்வொரு இடத்திலும் நின்று கேட்கிறது. மைனஸ் ஒய் போட்டால் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் படிக்காமலேயே கையெழுத்துப் போடுகிறோம்.

அது ஓடுவதை ஒருமுறையாவது பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஐந்து கட்டமாகப் போகும். முதலில் ஒவ்வொரு ஐநோடாக எடுத்து, அது தன்னுடையது என்று சொல்லும் பிளாக்குகளைக் குறித்துக்கொள்ளும். டிஸ்க்கின் எல்லைக்கு வெளியே ஒரு பிளாக்கைக் காட்டினால் ‘பேட்’ என்று சொல்லும், ஒரே பிளாக்கை இரண்டு ஐநோடுகள் என்னுடையது என்றால் ‘டூப்’ என்று சொல்லும். இரண்டாவதில் டைரக்டரிகளுக்குள் இருக்கும் பெயர்கள், மூன்றாவதில் மேலே யாரோடும் ஒட்டாமல் தொங்கும் டைரக்டரிகள், நான்காவதில் ஒரு ஃபைலை எத்தனை பெயர்கள் காட்டுகின்றன என்ற லிங்க் எண்ணிக்கை, ஐந்தாவதில் காலி பிளாக்குகளின் வரைபடம். ஐந்தாவதில் மட்டும் பிழை என்றால் பெரும்பாலும் பயமில்லை, திடீர் மின்வெட்டில் நடப்பதுதான், கணக்கைத் திரும்பப் போட்டால் சரி. ‘டூப்’ என்று வந்தால் கையை எடுத்துவிட வேண்டும். அந்த ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டத்தின் வழிவந்த பழைய யுஎஃப்எஸ் வகைகளில் ஒரே பிளாக்கைக் கேட்கும் இரண்டு ஃபைல்களையும் நீக்கவா என்று தனித்தனியாகக் கேட்கும். இரண்டில் ஒன்று பெரும்பாலும் முழுசாக நல்லபடியாக இருக்கும். இரண்டுக்கும் ஆமாம் என்றால் இரண்டும் போயிற்று.

சரி, என்னதான் செய்வது? முதலில் லாக். மெஷினை ரீபூட் செய்வதற்கு முன்பே லாக் இருக்கும் மெசேஜஸ் ஃபைலையும், கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சொன்னதைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையின் வெளியீட்டையும் படியுங்கள். டிஸ்க்கைப் படிப்பதில் பிழை, டிஸ்க்கை இணைக்கும் எஸ்சிஎஸ்ஐ வழியில் பதில் வராமல் டைம் அவுட், திரும்பத் திரும்ப ஒரே பிளாக் எண் என்றெல்லாம் இருந்தால் கோளாறு ஃபைல் சிஸ்டத்தில் இல்லை, கீழே வன்பொருளில் இருக்கிறது. ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் டிஸ்க்கின் அந்த இடம் கெட்டிருக்கும். வெவ்வேறு இடங்களில், ஒரே கேபிளில் தொங்கும் வெவ்வேறு டிஸ்க்குகளில் வந்தால் கேபிளையும் அதன் முனையில் மாட்டும் டெர்மினேட்டரையும் பாருங்கள். எஃப்எஸ்சிகே சுத்தம் என்று சொன்ன அடுத்த நாளே புதிதாகப் பிழை முளைத்து, லாக்கில் டிஸ்க் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையென்றால் எனக்கு முதல் சந்தேகம் ரேம் மீதும் கன்ட்ரோலர் மீதும்தான். கெட்ட ரேம் வழியாகப் போகும் எஃப்எஸ்சிகே நல்ல டிஸ்க்கையும் கெடுத்துவிடும்.

இன்னொன்று, பிழை மாதிரி தெரிவதெல்லாம் பிழை இல்லை. மொத்த இடத்தைக் காட்டும் டிஎஃப் (df) கட்டளை டிஸ்க் நிரம்பிவிட்டது என்கிறது, ஃபைல்களின் அளவைக் கூட்டும் டியூ (du) கட்டளையால் பார்த்தால் பாதிகூட வரவில்லை என்றால், நீக்கப்பட்ட ஒரு பெரிய லாக் ஃபைலை ஏதோ ஒரு புராசஸ் இன்னும் திறந்து வைத்திருக்கும். அது மூடும் வரை இடம் திரும்பாது, அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் தீர்ந்தது. இடம் இருக்கிறது, ஆனால் புது ஃபைல் உருவாக்க முடியவில்லை என்றால் ஐநோடுகள் தீர்ந்திருக்கும், எங்கேயோ ஒரு டைரக்டரியில் குட்டிக்குட்டி ஃபைல்கள் லட்சக்கணக்கில் குவிந்திருக்கும். இதற்கெல்லாம் எஃப்எஸ்சிகே பக்கமே போக வேண்டாம்.

டிஸ்க்தான் கோளாறு என்று தெரிந்தால், தயவுசெய்து மெஷினை அணைக்காதீர்கள். வருடக்கணக்கில் நிற்காமல் சுற்றிய பழைய டிஸ்க் ஒருமுறை நின்று ஆறிவிட்டால், ஹெட் தட்டோடு ஒட்டிக்கொண்டு திரும்பச் சுற்றாமல் போகலாம். சுற்றிக்கொண்டிருக்கும்போதே அந்த ஃபைல் சிஸ்டத்தை அன்மவுண்ட் செய்து பயன்பாட்டிலிருந்து விலக்குங்கள், முடியாவிட்டால் படிக்க மட்டும் முடிகிற ரீட் ஒன்லியாக மாற்றுங்கள், அப்புறம் அப்படியே நகலெடுக்கும் டிடி (dd) கட்டளையால் முழு பார்ட்டிஷனையும் வேறொரு நல்ல டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அதில் கான்வ் என்ற இடத்தில் நோஎரர், சிங்க் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நோஎரர் என்றால் படிக்க முடியாத இடத்தில் நின்றுவிடாமல் மேலே போகும். சிங்க் என்றால் படிக்க முடியாத அந்த இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பும். சிங்க்கை விட்டுவிட்டால் அந்த இடத்துக்கு அப்புறம் வருவதெல்லாம் முன்னால் நகர்ந்துவிடும், ஐநோடு சொல்லும் முகவரி ஒன்றுகூடப் பொருந்தாது, நகல் இருந்தும் பிரயோஜனமில்லை. பிளாக் அளவையும் சின்னதாக வையுங்கள், பெரிதாக வைத்தால் ஒரு கெட்ட செக்டருக்காகப் பக்கத்தில் இருக்கும் நல்ல செக்டர்களும் பூஜ்யமாகிவிடும். டிஸ்க் ஏற்கெனவே நின்றுபோய், வேறு மெஷினில் அதை மாட்ட முடியுமானால் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவி இதைவிட நல்லது, சுலபமாகப் படிக்க வரும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, அடம் பிடிக்கும் இடங்களைக் குறித்துவைத்துக் கடைசியில் முயலும்.

நகல் கைக்கு வந்த பிறகு நிதானமாக வேலை பார்க்கலாம், தவறு நேர்ந்தால் இன்னொரு நகல். முதலில் மைனஸ் என் போட்டு ஓட்டுங்கள், எல்லாக் கேள்விக்கும் இல்லை என்றே பதில் போகும், எதையும் எழுதாது. வெளியீட்டை ஒரு ஃபைலில் சேமித்து வரிவரியாகப் படியுங்கள். எந்த ஐநோடு, யாருடையது, எவ்வளவு பெரியது, எப்போது மாற்றப்பட்டது என்று பல வரிகளில் அதுவே எழுதியிருக்கும். அதற்கு அப்புறம் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லுங்கள்.

ஃபைல் சிஸ்டத்தின் அளவு, அமைப்பு போன்ற அடிப்படை விவரங்கள் இருக்கும் சூப்பர்பிளாக் கெட்டுவிட்டது என்று வந்தால் மனம் தளர வேண்டாம், அதற்கு டிஸ்க் முழுக்க நகல்கள் உண்டு. சோலாரிஸ், பிஎஸ்டி போன்றவற்றின் பழைய யுஎஃப்எஸ்ஸில் முதல் நகல் வழக்கமாக 32ஆம் பிளாக்கில் இருக்கும். அதைக் காட்டி எஃப்எஸ்சிகேயை ஓட்டினால் பல நேரம் அப்படியே எழுந்துவிடும். அதுவும் கெட்டிருந்தால் மற்ற நகல்கள் எங்கே என்று தெரிந்துகொள்ள நியூஎஃப்எஸ் கட்டளையைப் பெரிய எழுத்து என் சேர்த்து ஓட்டச் சொல்வார்கள், அப்படி ஓட்டினால் எதையும் உருவாக்காமல் எண்களை மட்டும் அச்சிடும். அந்த ஒரு எழுத்து விட்டுப்போனால் புது ஃபைல் சிஸ்டத்தையே போட்டுவிடும். அதனால் நான் இதை நகலில்கூட இன்னொருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகுதான் என்டர் தட்டுவேன்.

இயங்குதளமே இருக்கும் ரூட் ஃபைல் சிஸ்டத்தை அந்த மெஷினிலேயே சரி செய்ய வேண்டி வந்தால் ஒரு விஷயம் முக்கியம். பழைய எஃப்எஸ்சிகே முடிவில் ‘பூட் யூனிக்ஸ், நோ சிங்க்’ என்று நட்சத்திரக் குறிகள் போட்டு ஒரு வரி காட்டும். டிஸ்க்கில் திருத்தியாகிவிட்டது, ஆனால் கெர்னலின் நினைவகத்தில் இருப்பது திருத்தத்துக்கு முந்தைய பழைய சூப்பர்பிளாக். அந்த நேரத்தில் நல்ல பழக்கம் என்று நினைத்து, நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் எழுதும் சிங்க் கட்டளையை (டிடியில் சொன்ன சிங்க் வேறு) அடித்தால் பழையது புதியதன்மேல் எழுதப்பட்டு, செய்த வேலை அத்தனையும் வீணாகும். சிங்க் இல்லாமல் அப்படியே ரீபூட் செய்ய வேண்டும்.

லாஸ்ட் அண்ட் ஃபவுண்டுக்குப் போய்விட்ட ஃபைல்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அந்த அலுவலகத்தில் நான் வாரக்கணக்கில் செய்த வேலை அதுதான். யூனிக்ஸில் ஒரு ஃபைலின் பெயர் ஃபைலோடு இருப்பதில்லை, டைரக்டரியில் இருக்கிறது. டைரக்டரி கெட்டால் பெயர் போய்விடும், மற்றதெல்லாம் ஐநோடில் பத்திரமாக இருக்கும். அதனால் முதலில் உரிமையாளர் வாரியாகப் பிரித்தேன், அப்புறம் தேதி வாரியாக. ஃபைலின் வகையைக் கண்டுபிடிக்கும் ‘ஃபைல்’ என்ற கட்டளை எது பல ஃபைல்களைக் கட்டிவைத்த டார், எது படம், எது வெறும் எழுத்து என்று சொன்னது. எழுத்து ஃபைல்களின் முதல் பத்து வரியைப் பார்த்தாலே பாதி அடையாளம் தெரிந்தது. எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு டைரக்டரியைத் திறந்தபோது உள்ளே எல்லா ஃபைல்களும் தங்கள் பழைய பெயரோடு வரிசையாக இருந்தன, போனது அந்த டைரக்டரியின் சொந்தப் பெயர் மட்டும்தான். அன்று ஒரு முழு வருடத்தின் பதிவுகள் ஒரே நிமிடத்தில் திரும்பக் கிடைத்தன. அதனால் லாஸ்ட் அண்ட் ஃபவுண்டில் முதலில் டைரக்டரிகளைத் தேடுங்கள். எண்ணாக இருக்கிறதே என்று எரிச்சலில் எதையும் அழித்துவிடாதீர்கள்.

பேக்கப் இருக்கிறதே என்பீர்கள். எங்களிடமும் டேப்கள் இருந்தன. ஆனால் ஹெட் நகர்ந்துபோன பழைய டேப் டிரைவ் தான் எழுதியதைத் தானே படிக்கும், வேறு டிரைவில் போட்டால் படிக்காது. எங்கள் டிரைவ் அப்படித்தான் ஆகியிருந்தது, அதுவும் அந்த மாதமே பழுதாகிவிட்டது. டேப்பை வேறு மெஷினில் போட்டு நாலு ஃபைலையாவது திரும்ப எடுத்துப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் ஜர்னலிங் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை என்று கட்டுரையில் எழுதியிருந்ததும் பாதிதான் சரி. மின்வெட்டுக்கு அது நல்ல பாதுகாப்பு. டிஸ்க் தட்டே கெட்டால் ஜர்னலும் அதே தட்டில்தான் இருக்கிறது.

அந்தக் கட்டுரையை எழுதியவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. மைனஸ் ஒய் பத்தில் பல தடவை நல்லபடியாகவே முடியும், அதனால்தான் அது பழக்கமாகிவிடுகிறது. ஆனால் பழைய சர்வரை இன்றும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அதில் இருக்கும் தகவல் வேறெங்கும் இல்லை என்பதால்தான் ஓட்டுகிறார்கள். அவர்கள் கையில் கிடைக்கும் குறிப்பில் நகல் எடுப்பது முதல் வரியாக இருக்க வேண்டும். அடுத்த வாரம் அதே பக்கத்தில், அதே கட்டத்துக்குள், அந்த வரியைத் திருத்தி வெளியிடும்படி மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய யூனிக்ஸ் மெஷின்களை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சிஸ்டம் அட்மின்