மசாடா: கல்லைப் பார்க்காதே, பூச்சைப் பார்

புதுச்சேரி

அன்புள்ள அந்தோணி,

கடலூரில் மழை விட்டபாடில்லை என்று எழுதியிருந்தாய். இங்கும் அதே கதைதான், அரியாங்குப்பம் ஆறு கரைபுரண்டு ஓடுகிறது. பங்கிலிருந்து புனித நாட்டுக்குப் போகும் குழுவில் நீயும் இருப்பதில் சந்தோஷம். சாக்கடல் பக்கத்துக் குன்றுக்கோட்டையான மசாடாவில் வழிகாட்டிகள் ரோமர் முற்றுகையைச் சொல்லியே நேரத்தை முடித்துவிடுவார்கள். குன்றின் மேலே இருக்கும் சின்னக் கிறிஸ்தவக் கோயில் யூதேயா மன்னன் ஏரோது கட்டியதா என்று கேட்டாயே, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இல்லை. ஏரோது கோட்டையைப் பெரிதாக்கியது கி.மு. 37-க்குப் பிறகு. அது ரோமரிடம் விழுந்தது கி.பி. 73 அல்லது 74. கோயிலோ 5-ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறிய கிறிஸ்தவத் துறவிகளுடையது. இடிந்து கிடந்த பழைய கற்களையே எடுத்துக் கட்டினார்கள். ஆகவே கல்லைப் பார்த்துக் காலம் சொன்னால் ஏமாந்துபோவாய்.

பூச்சைப் பார். கோயில் சுவரில் ஈரச் சாந்தின் மேல் பானை ஓட்டுச் சில்லுகளையும் சிறு கற்களையும் கோலம் போல அழுத்திப் பதித்திருக்கிறார்கள். அரண்மனைச் சுவர்களில் இருப்பதோ வண்ணம் தீட்டிய வழவழப்பான சுண்ணாம்பு. ஒரு எச்சரிக்கை: பதித்த ஓடு சுவரைவிட எத்தனையோ பழையதாக இருக்கலாம். ஓட்டின் காலத்துக்கு முன் சுவர் எழும்பியிருக்காது, அவ்வளவுதான் அது சொல்லும். தரைக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கும் காசுக்கும் இதே விதிதான்.

நீர்த்தொட்டிப் பூச்சும் உதவும். அந்த வட்டாரத்தில் ஏரோது காலத்துச் சாந்தில் சாம்பல் சேரும், நிறம் சாம்பல். பிற்காலச் சாந்தில் ஓட்டுத்தூள் இடிபட்டிருக்கும், செங்கல்தூள் கலந்த நம்மூர் சுர்க்கிச் சாந்து போல இளஞ்சிவப்பு. பேட்டரி விளக்கைச் சாய்த்துப் பிடி, நேராக அடித்தால் எல்லாம் வெளுத்துத் தெரியும். சுவர்களில் ஓடும் கறுப்புக் கோட்டை மறக்காதே. அதற்குக் கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது இந்தக் காலத்தில் எடுத்துக் கட்டியது.

அந்த வறண்ட குன்றில் ஒரு கோட்டையே வாழ முடிந்தது தண்ணீரால்தான். மேற்கே இரண்டு ஓடைகளில் எப்போதாவது வரும் வெள்ளத்தை அணை போட்டுத் திருப்பி, மலைச்சரிவில் குடைந்த 12 தொட்டிகளில் நிரப்பினார்கள். கொள்ளளவு சுமார் 40,000 கன மீட்டர், அதாவது 4 கோடி லிட்டர். அங்கிருந்து உச்சிக்கு ஆளும் கழுதையும் சுமந்தாக வேண்டும்! எனக்கு அரண்மனையைவிட இதுதான் பெரிது.

மசாடாவில் கோட்டை முதலில், துறவிகள் பிறகு. செஞ்சிப் பக்கம் முறை தலைகீழ், கவனித்தாயா? திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்த சமணத் துறவி சந்திரநந்தியின் கல்வெட்டு செஞ்சிக் கோட்டைக்குப் பல நூற்றாண்டு மூத்தது.

கிளம்புமுன் ஒரு நாள் இங்கே வா. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் ரோமரோடு வாணிபம் நடந்த பழைய துறையான அரிக்கமேட்டின் மதுச்சாடித் துண்டுகளைப் பார்த்துவிட்டுப் போகலாம். மசாடாவில் கிடைத்த சாடிகளில் ஏரோது மன்னன் பெயரோடு கி.மு. 19-ஆம் ஆண்டு இத்தாலிய மது என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. உடைந்த விளிம்பில் களிமண் நிறத்தையும் உள்பக்கம் ஒழுகாமல் இருக்கப் பூசிய கீல் கறுப்பாகப் படிந்திருக்கிறதா என்பதையும் இங்கே பார்த்து வைத்துக்கொண்டால், அங்கே எது மதுச்சாடி என்று உனக்கே பிடிபடும். திங்கட்கிழமை வேண்டாம், அன்று விடுமுறை.

அன்புடன்,
ராமலிங்கம்